ஒகேனக்கல் பயணம்: ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து செல்வோருக்கு

ஒகேனக்கல் என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தில், காவிரி ஆற்றில் அமைந்துள்ள அருவித் தொகுதி ஆகும். ஆற்றின் ஒரு கரை தமிழ்நாடு. மறுகரை கர்நாடக மாநிலத்தின் சாமராசநகர் மாவட்டம். கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. நீர் பாறையில் மோதி எழும் சாரல் புகைபோல் தெரிவதால் 'புகையும் கல்' என்று பெயர் வந்தது. 'உகுநீர்க்கல்' என்பதே பழைய தமிழ்ப் பெயர் என்று கூறுவோரும் உண்டு.

நாளிதழ்களும் சுற்றுலாக் கையேடுகளும் இதை 'இந்தியாவின் நயாகரா' என்று அழைக்கின்றன. உயரத்தையோ அகலத்தையோ பார்த்தால் இந்த ஒப்புமை நிற்காது. ஒகேனக்கல் அருவிகளில் உயரமானதே ஏறக்குறைய 20 மீட்டர்தான். ஆனால் இரண்டும் எல்லையில் விழும் அருவிகள் என்பதால், நயாகராவோடு ஒப்பிட்டால் நமக்குப் புரியும் செய்தி ஒன்று உண்டு. அது கீழே வருகிறது.

ஓசூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களுக்கும் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய பெரிய நீர்நிலை இதுதான். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அருவியைப் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: புறப்படும் முன் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பார்க்காதது.

இக்கட்டுரையாளரும் அப்படி ஒருமுறை ஏமாந்ததுண்டு. ஒரு ஜூலை மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வேனில் அழைத்துச் சென்றபோது, வழியில் சோதனைச் சாவடியில் காவலர் கை காட்டி நிறுத்தினார். "தண்ணி ஏறிடுச்சு, யாரையும் விடல" என்றார். கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றைச் சாலையோரப் புளியமரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அப்போது ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், தண்ணி அதிகமா வந்தா அருவி இன்னும் நல்லாத்தானே இருக்கும்? அப்புறம் ஏன் விடமாட்டேங்கிறாங்க?" அன்று அவனுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் கூடினால் அருவி ஏன் மறைகிறது

குற்றாலத்தில் மலையின் உச்சியிலிருந்து நீர் விழுகிறது. மழை கூடினால் அருவி அகலமாகும், அவ்வளவுதான். ஒகேனக்கல் அப்படியன்று. இங்கே காவிரி சமதளமான பாறைப் பரப்பில் பல கிளைகளாகப் பிரிந்து, பாறையில் அரிக்கப்பட்ட ஆழமான பள்ளத்தாக்குக்குள் பல இடங்களில் விழுகிறது. பிரதான அருவி, சினி பால்ஸ், ஐந்தருவி என்பவை ஒரே ஆற்றின் வெவ்வேறு விழுகைகள். நீர் அளவாக வரும்போது ஒவ்வொன்றும் தனித்தனி அருவியாகத் தெரியும். வெள்ளம் வரும்போது கீழேயுள்ள பள்ளத்தாக்கு நிரம்பி நீர்மட்டம் உயரும், பாறைகள் மூழ்கும், விழுகையின் உயரம் குறையும். நொடிக்கு லட்சம் கன அடி வரும் நாளில் அங்கே அருவி என்று சுட்டிக் காட்ட எதுவும் இருக்காது. கரையிலிருந்து கரைவரை செம்மண் நிறத்தில் ஒரே பெருக்காக ஓடும். குளிக்கும் இடத்துக்குச் செல்லும் நடைபாதையும் அதன் கைப்பிடிக் கம்பிகளும் நீருக்குள் போய்விடும்.

மறுபுறம், கோடையில் நொடிக்கு ஆயிரம் கன அடி அளவுக்கு வரும்போது அருவி மெலிந்திருக்கும். ஆனால் பாறைகள் முழுமையாக வெளியே தெரியும். இதுவும் பார்க்க வேண்டியதே. இப்பகுதியில் கார்பனடைட் எனப்படும் அரிய வகைப் பாறை இருக்கிறது. பூமியின் உட்பகுதியிலிருந்து எழுந்த கார்பனேட்டு மிகுந்த பாறைக்குழம்பு உறைந்து உருவானது இது. ஒகேனக்கல் கார்பனடைட்டின் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலாளர்கள் கணித்துள்ளனர். உலகிலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் இதுவும் ஒன்று. நிலவியல் படிக்கும் மாணவர்கள் கோடையில் போவதே நல்லது.

ஆக, அருவியாகப் பார்க்க விரும்புவோருக்கு நடுத்தர நீர்வரத்தே ஏற்றது. அந்த நடுத்தரம் எப்போது வரும் என்பதை நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அதற்குப் பிலிகுண்டுலுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிலிகுண்டுலு

பிலிகுண்டுலு என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அஞ்செட்டிப் பக்கம், காவிரிக் கரையில் உள்ள சிற்றூர். ஒகேனக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் மேலே இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இங்கே உள்ளது. கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய காவிரி நீர் இந்த இடத்தில்தான் அளக்கப்படுகிறது. செய்திகளில் வரும் 'ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து நொடிக்கு இத்தனை கன அடி' என்ற கணக்கின் ஊற்று இதுவே.

1990இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு வழங்கியது. அதன்படி பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. இந்த 177.25 டி.எம்.சி. மாத வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76; பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5.

இந்தப் பட்டியல் டெல்டா உழவர்களுக்காகப் போடப்பட்டது. இருந்தாலும் அருவிக்குச் செல்பவரும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். வகுத்தால், நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 1 டி.எம்.சி. ஆகும். ஆகஸ்ட் மாத ஒதுக்கீட்டை 31 நாட்களுக்குப் பிரித்தால் சராசரியாக நொடிக்கு 17,000 கன அடிக்குச் சற்று மேல் வரும். அக்டோபருக்கு ஏறத்தாழ 7,500, நவம்பருக்கு 5,300, டிசம்பருக்கு 2,700. ஜனவரி முதல் மே வரை ஆயிரத்தை ஒட்டியே இருக்கும். (எட்டாம் வகுப்பு மாணவர்கள் இந்த வகுத்தலைத் தாங்களே செய்து பார்க்கலாம். பாடப்புத்தகக் கணக்குகளைவிட இது சுவையானது.)

இது ஒதுக்கீடு; உண்மையான ஓட்டம் வேறு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பி வழியும். அப்போது அட்டவணையைப் பார்த்து யாரும் நீரைத் திறப்பதில்லை; அணையைக் காப்பாற்றத் திறக்கிறார்கள். 2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து நொடிக்கு லட்சம் கன அடியைத் தாண்டியது. மழை பொய்த்தால் நிலைமை தலைகீழ். 2023இல் செப்டம்பர் மாதத்திலேயே காவிரி வற்றிப் பெரும் சிக்கலானது.

இனி நயாகராவுக்கு வருவோம். அங்கே எல்லை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே. மின்னுற்பத்திக்காக இரு நாடுகளும் ஆற்றிலிருந்து நீரைத் திருப்பிக்கொள்கின்றன. 1950இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஏப்ரல் முதல் அக்டோபர் வரையிலான சுற்றுலாக் காலத்தில் பகல் நேரங்களில் குறைந்தது நொடிக்கு 1,00,000 கன அடி நீர் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரங்களில் 50,000. அதாவது பார்க்க வருபவருக்கென்று ஒரு பங்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நயாகரா செல்பவர் கடவுச்சீட்டையும் விசாவையும் பற்றிக் கவலைப்பட வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கவலை இல்லை. ஒகேனக்கல்லில் விசா வேண்டாம். ஆனால் அருவிக்கென்று ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. உழவுக்கும் குடிநீருக்கும் செல்லும் நீர் வழியில் அருவியாக விழுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

நாள் குறிப்பது எப்படி

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பொதுவாக நல்ல காலம். ஆயுத பூஜை விடுமுறை ஓசூர்த் தொழிலாளர்களுக்கு வசதியாக அமையும். ஆனால் அந்த நாட்களில் கூட்டம் மிகுதி. முடிந்தால் விடுமுறைக்கு அடுத்து வரும் வார நாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரத்தில் ஓர் இரவு பலத்த மழை பெய்தாலே மறுநாள் நீர் கலங்கி உயர்வதுண்டு.

ஆடிப்பெருக்கன்று, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் நாள், காவிரியில் நீராடப் பெருங்கூட்டம் சேரும். அரசும் அங்கே விழா நடத்துவதுண்டு. புதுமணத் தம்பதியர் தாலிச்சரடு மாற்றுவதும், முன்னோருக்குத் திதி கொடுப்பதும், காவிரியம்மன் கோயிலில் வழிபடுவதும் வழக்கம். ஆனால் வெள்ளம் வரும் மாதமும் அதுவே. பல ஆண்டுகளில் ஆடிப்பெருக்கன்றும் குளிக்கத் தடை விதிக்கப்பட்டிருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் போகத்தான் செய்வார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் செல்வோர் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

புறப்படுவதற்கு மூன்று நாட்கள் முன்பிருந்தே செய்திகளைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளிலிருந்து திறக்கப்படும் நீர் பிலிகுண்டுலுவை வந்தடைய இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ஆகவே இன்று அங்கே எவ்வளவு திறக்கிறார்கள் என்பது, நாளை மறுநாள் இங்கே என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடும். வியாழக்கிழமை கபினியில் பெருமளவு நீர் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை ஒத்திப் போடலாம். புறப்படும் நாளன்று காலை நாளிதழிலோ வானொலியிலோ ஒகேனக்கல் நீர்வரத்தைப் பார்த்துவிட்டு வண்டி ஏறுவது நல்லது.

எவ்வளவு வந்தால் தடை என்பதற்கு நிலையான எண் கிடையாது. மாவட்ட ஆட்சியர் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்கிறார். நீர் ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதும் கணக்கில் கொள்ளப்படும். பல ஆண்டுகளாகச் செய்திகளைப் பார்த்து வருவதில் இக்கட்டுரையாளர் வைத்துள்ள கணக்கு இது: பத்தாயிரத்துக்குள் என்றால் போகலாம், அதற்கு மேல் என்றால் விசாரித்துவிட்டுப் போக வேண்டும், இருபதாயிரத்தைத் தாண்டினால் வீட்டிலேயே இருக்கலாம். இது அரசின் அளவுகோல் அன்று.

நீர் தவிர இன்னொன்றும் பயணத்தை மாற்றும். காவிரிச் சிக்கல் முற்றும் நாட்களில் ஓசூர் எல்லை அடைபடுவதுண்டு. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டபோதும், 2023 செப்டம்பர் இறுதியில் நடந்த முழு அடைப்புகளின்போதும், இரு மாநிலப் பேருந்துகளும் எல்லையோடு நின்றன. பெங்களூருவிலிருந்து உறவினர் வந்து சேர்ந்துகொள்வதாகத் திட்டம் இருந்தால் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடகப் பதிவெண் கொண்ட வாடகை வேனில் வருவோர் தமிழ்நாட்டுக்கான அனுமதிச் சீட்டும் வரியும் செலுத்தியிருக்க வேண்டும்.

வழிகள்

ஓசூரிலிருந்து மூன்று வழிகள் உள்ளன.

நெடுஞ்சாலை வழி: கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் வழியாக ஏறத்தாழ 140 கி.மீ. தூரம் கூடுதல் என்றாலும் சாலை நல்லது. பேருந்து வசதியும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புவோருக்கு இதுவே இயல்பான வழி. ஏறத்தாழ 90 கி.மீ. வரும். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ. ஓசூர்–சேலம் தடத்தில் செல்லும் இரயில்கள் தருமபுரியில் நிற்கும். அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம்.

இரண்டாவது, இராயக்கோட்டை, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழி. நூறு கி.மீ.க்குச் சற்று மேல். தேசிய நெடுஞ்சாலை 844இன் பணிகளுக்குப் பின் பாலக்கோடு வரை விரைவாகச் செல்ல முடிகிறது. தக்காளிக் காலத்தில் இராயக்கோட்டைச் சந்தையருகே லாரி நெரிசல் இருக்கும்.

மூன்றாவது வழியே குறுகியது: தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஏறத்தாழ 90 கி.மீ. அழகானதும் இதுதான். ஆனால் இது யானைக் காடு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இப்பகுதியில் உள்ளது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு யானைக் கூட்டங்கள் வருவது வழக்கம். அதுவே அருவிக்கு ஏற்ற காலமாகவும் இருக்கிறது. ஆகவே விடிந்த பின் இந்த வழியில் சென்று, மாலை பென்னாகரம் வழியாகத் திரும்புவது நல்ல ஏற்பாடு. இரு சக்கர வண்டியில் செல்லும் இளைஞர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்கக் கூடாது, ஒலிப்பானையும் அழுத்தக் கூடாது. தொலைவிலேயே வண்டியை நிறுத்தி, அது கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். பென்னாகரம் பக்கத்து இறக்கத்திலும் காடும் கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு. இறங்கும்போது குறைந்த கியரில் வர வேண்டும்.

தடை இருக்கும் நாளில் பென்னாகரம் வழியில் மடம் சோதனைச் சாவடியிலும், இந்தப் பக்கம் அஞ்செட்டியிலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒகேனக்கல்லில் ஆற்றைக் கடந்து கர்நாடகத்துக்குச் செல்ல வண்டிப் பாலம் இல்லை. மறுகரையில் உள்ள கோபிநத்தம் பக்கம் போக வேண்டுமானால் மேட்டூர், பாலாறு வழியாக மாதேசுவரன் மலைச் சாலையைப் பிடிக்க வேண்டும். இந்த இரு கரைகளும் எப்போதும் வேறு வேறு மாநிலமாக இருந்தவை அல்ல. மறுகரை அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியாக மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது அது மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. அதன் பிறகே இங்கே காவிரி எல்லையானது. கரைவாழ் மக்கள் பலர் இன்றும் இரு மொழியும் பேசுவார்கள்.

பரிசல்

ஒகேனக்கல்லில் ஒருவர் செய்ய வேண்டியது பரிசலில் ஏறுவது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிச் செய்யப்படும் வட்டமான படகு இது. குறுக்களவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். முன்பு மாட்டுத்தோல் போர்த்தினார்கள். இப்போது நெகிழித் தாளும் தாரும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் ஆழம் குறைந்த இடத்திலும் பாறை தட்டாமல் போகும். ஒரே துடுப்புதான். பாறை குறுக்கிட்டால் பரிசல் ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலையில் குடைபோல் சுமந்து அடுத்த மடுவுக்கு நடப்பார்.

நீர்வரத்தைப் பொறுத்துப் பரிசல் செல்லும் தடம் மாறும். சின்னாறு துறையிலிருந்து கோத்திக்கல், மணல்திட்டு வரை செல்வது பழகிய தடம். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் எழ, மேலிருந்து அருவிகள் இறங்க, நடுவில் பச்சை நீரில் பரிசல் மெல்லச் செல்லும் இடம் அது. 1992இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் பாடல் காட்சியில் இந்த அருவிகளைப் பார்த்திருப்பீர்கள்.

கட்டணம் ஆளுக்கு அன்று, பரிசலுக்கு. அவ்வப்போது மாற்றப்படுவதால் துறையில் உள்ள பலகையைப் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு பரிசலில் நான்கு பேர்தான். உயிர்காப்பு உடை கட்டாயம். இதில் பேரம் பேசக் கூடாது. 2015இல் இங்கே ஒரு பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உயிரிழந்தனர். 'குழந்தைதானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்' என்று கூடுதலாக ஏறுவதும், படம் எடுக்க எழுந்து நிற்பதும், பரிசலைச் சுழற்றச் சொல்லிக் கேட்பதும் ஆபத்து. பரிசல் நிலை தடுமாற ஒருவர் எழுந்து நின்றாலே போதும்.

குளிப்பதற்கும் இதே எச்சரிக்கை. கம்பி போட்டுப் பாதுகாக்கப்பட்ட பிரதான அருவிப் பகுதியில் மட்டுமே குளிக்க வேண்டும். இங்கே இறந்தவர்களைப் பற்றிய செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் ஆலம்பாடி, ஊட்டமலை, முதலைப் பண்ணைப் பக்கம் போன்ற ஆள் குறைந்த கரைகளே. மேலே நீர் அமைதியாகத் தெரியும். ஒரு அடி தள்ளிப் பாறை முடிந்து ஆழமான மடு தொடங்கும். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. ஊரில் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள்தான் அதிகம் துணிகிறார்கள். குடித்துவிட்டு இறங்குபவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காவிரியில் முதலைகளும் உண்டு. வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்தை வெளியே இருந்து பாதுகாப்பாகப் பார்க்கலாம்.

எண்ணெய்க் குளியல் இங்கே புகழ்பெற்றது. எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் கரையிலேயே இருப்பார்கள். தேய்த்துக்கொண்டு பாறையில் நடக்கும்போது வழுக்கும். முதியவர்கள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது. மாற்றுடை, துண்டு, பழைய செருப்பு இவை போதும். பை திறந்திருந்தால் குரங்கு எடுத்துக்கொள்ளும். நெகிழிப் பைகளைக் கொண்டு செல்ல வேண்டாம்.

சாப்பாட்டுக்கு மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பும் வறுவலும் சோறும் ஆக்கித் தரும் பெண்கள் இருக்கிறார்கள். அரிசியும் மசாலாவும் நாம் வாங்கித் தர வேண்டுமா, அவர்களே போட்டுக்கொள்வார்களா என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, பரிசலில் போய்வரும் நேரத்தில் சமைத்து வைக்கச் சொல்லலாம். காவிரி மீன் குழம்பைத் திரும்பி வந்து பசியோடு சாப்பிடுவது இந்தப் பயணத்தின் பாதி இன்பம். இரவு தங்குவோருக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் தனியார் விடுதிகளும் உள்ளன.

வெள்ளக் காலத்தில் வாரக்கணக்கில் தடை நீடித்தால் பரிசல் ஓட்டிகளுக்கும், எண்ணெய் தேய்ப்பவர்களுக்கும், சமையல் செய்யும் பெண்களுக்கும் அந்த நாட்களில் வருமானமே கிடையாது. வறட்சியிலும் கூட்டம் குறைந்து அதே நிலை. தடை நீங்கிய முதல் வாரத்தில் போகும் பயணிகள் அவர்களுக்குப் பெரிய உதவி. அப்போது கூட்டமும் குறைவாக இருக்கும்.

வீட்டுக் குழாயில் ஒகேனக்கல்

ஓசூர், கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு இந்த ஆறு வேறொரு வகையிலும் உறவு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். நாளடைவில் எலும்பும் மூட்டும் விறைக்கும். முப்பது ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி வகுப்பறைகளில் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சப்படும் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். பல் துலக்காததால் வந்த கறை என்று ஆசிரியர்கள் சிலரே கடிந்துகொண்டதும் உண்டு. அவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர்.

இதற்குத் தீர்வாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் உருவானது. ஜப்பானியக் கடனுதவியோடு திட்டமிடப்பட்டு, 2008 பிப்ரவரியில் முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். உடனே கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. அம்மாநிலத் தலைவர்கள் ஒகேனக்கல்லுக்கே வந்து, ஆற்றின் நடுவே உள்ள திட்டு தங்களுடையது என்றனர். பேருந்துகள் நிறுத்தப்பட்டன. கர்நாடகத் தேர்தல் முடியும் வரை திட்டம் நிறுத்தி வைக்கப்படுவதாக ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. பின்னர் பணிகள் நடந்து, 2013 மே மாதம் முதல்வர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இன்று ஓசூரில் குழாயைத் திறந்தால் வருவதில் ஒரு பகுதி, அருவிக்கருகே எடுத்து மேட்டுக்கு ஏற்றப்படும் காவிரி நீரே.

மேலே, எல்லைக்கு அருகில் மேகதாதுவில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முனைந்துள்ளது, தமிழ்நாடு எதிர்க்கிறது. அது கட்டப்பட்டால் பிலிகுண்டுலுவின் நீரோட்டம் இன்னொரு மதகின் வழியாகவே வரும். அப்போது மேலே சொன்ன 'கபினியைப் பார்த்து நாள் குறிக்கும்' முறையும் மாறிவிடும்.

திருப்பி அனுப்பப்பட்டால்

எல்லாம் பார்த்துப் போயும் தடை என்றால் முழு நாளும் வீண் அன்று. மடம் வரை வந்துவிட்டவர்கள் பென்னாகரத்திலிருந்து மேச்சேரி வழியாக மேட்டூருக்குப் போகலாம். ஒகேனக்கல்லைக் கடக்கும் நீர் சேர்வது 1934இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில். அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பியிருந்தால் உபரி நீரைப் பதினாறு கண் மதகு வழியாகத் திறப்பார்கள். நம்மைத் திருப்பி அனுப்பிய அதே வெள்ளம் அங்கே பதினாறு கண்களிலும் நுரைத்து இறங்குவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்கலாம். அன்றைக்கு எங்கள் வேனை அந்தப் பக்கம் திருப்பத் தோன்றவில்லை. அடுத்த முறை திருப்பினோம். கேள்வி கேட்ட மாணவன் அதற்குள் பள்ளி முடித்து ஓசூரில் வேலைக்குப் போயிருந்தான்.